தட்டச்சுப் பிழை அல்ல

எங்கள் ஆபீஸில் எந்தத் தப்பு நடந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். டைப்பிங் மிஸ்டேக். சர்வே எண் மாறிப்போனால் டைப்பிங் மிஸ்டேக். அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் மாமனார் பெயர் வந்தால் டைப்பிங் மிஸ்டேக். பார்ட்டி தன் வீட்டு முகவரியைத் தானே தப்பாகச் சொல்லிவிட்டுப் போனால்கூட டைப்பிங் மிஸ்டேக்தான். அங்கே டைப் அடிக்கிறவள் நான் ஒருத்திதான். அதனால் அந்த இரண்டு வார்த்தையை யார் யாரிடம் சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகவே அர்த்தம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்தப் பத்திரம் எழுதும் ஆபீஸ். ஓனர் லைசென்ஸ் உள்ள ஆவண எழுத்தர், முப்பது வருஷ அனுபவம். பத்திரத்தில் வரும் ஒவ்வொரு ஷரத்தும் அவருக்கு மனப்பாடம். ஆனால் கீபோர்டில் விரல் வைக்க மாட்டார். அது ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, 'அடிம்மா' என்பார். நான் ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து அடித்துவிட்டுப் போவேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. கூடப் படித்தவர்கள் கம்பெனி பஸ்ஸில் ஏசி போட்டுக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் போனார்கள். நான் பத்திரம் அடித்தேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒரு பத்திரம் எப்படித் தயாராகும் என்று சொன்னால்தான் நடந்தது புரியும். யாரும் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பிக்க மாட்டார்கள். நேற்று அடித்த பத்திரத்தைத் திறக்கவேண்டியது. வேறு பெயரில் சேவ் செய்யவேண்டியது. ஆட்களை மாற்றி, சர்வே எண்ணை மாற்றி, நான்கு எல்லைகளை மாற்றி, பிரிண்ட் கொடுக்கவேண்டியது. தாம்பரம் முழுக்க அப்படித்தான், செங்கல்பட்டுவரை அப்படித்தான். ஒவ்வொரு பத்திரத்தின் வயிற்றுக்குள்ளும் முந்தைய பத்திரம் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பெருங்களத்தூர் மனை ஒன்றுக்கு வடக்கு எல்லையில் குரோம்பேட்டைக்காரர் வீட்டுக் கிணறு வந்துவிட்டது. அன்றைக்கும் நான்தான் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அந்தக் கிணறு பரவாயில்லை. இருக்கக்கூடாதது இருந்தால் யார் கண்ணிலாவது படும். இருக்கவேண்டிய வரி இல்லாமல் போனால் யார் கண்ணில் படும்? இது எனக்குப் புரிவதற்கு ஒரு மீன்காரம்மா வேண்டியிருந்தது.

தை மாதம் அது. அந்த அம்மா கிழக்குத் தாம்பரத்துத் தெருக்களில் மீன் விற்பவர். கடற்கரைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் அலுமினிய அன்னக்கூடையோடு வருவார். ஓனர் வீட்டுக்கும் அவர்தான் மீன் கொடுப்பார், அந்தப் பழக்கத்தில் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். புருஷன் இல்லை. ஒரே மகன். குப்பத்தில் இருக்கும் சிமெண்ட் வீட்டை அவன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதவேண்டும், அதாவது உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துவிடவேண்டும். மகனும் கூடவே வந்திருந்தான், அப்போது ரேஷன் கார்டு நகல் எடுக்கக் கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றான்.

ஓனர் போனில் இருந்தார். அந்த அம்மா என் மேஜைக்கு வந்து நின்று சொன்னார்.

"தோ பாரும்மா. வூட்ட அவனுக்குத்தான் குடுக்குறேன். ஆனா நான் கண்ண மூடுற வரைக்கும் அந்த வூட்லதான் இருப்பேன். என்னை யாரும் கெளப்பக்கூடாது. அத எய்திக்கோ."

நான் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டேன். 'தாய், உயிருள்ளவரை இதே வீட்டில்.' எழுதி வட்டமும் போட்டேன். அவர் அந்த வட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஓனர் போனை வைத்துவிட்டு, "நேத்து அடிச்ச செட்டில்மெண்டையே திறந்து பேரை மாத்தும்மா. பன்னெண்டு மணிக்குள்ள பதிவு முடியணும், அப்புறம் ராகு காலம்" என்றார். நேற்று அடித்தது ஒரு ரிட்டயர்ட் வாத்தியாருடையது. அவர் பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார், அதனால் தாம்பரத்து வீட்டை ஒரு நிபந்தனையும் இல்லாமல் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். அதைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், எல்லையை இரண்டு தடவை சரிபார்த்தேன், அந்தக் கிணற்று விவகாரத்துக்குப் பிறகு எல்லை என்றாலே எனக்குப் பயம். நோட்டில் போட்ட வட்டத்தை மறந்தேன். வாத்தியார் பத்திரத்தில் அந்த ஷரத்து இல்லை, அதனால் மாற்றுவதற்கும் அங்கே ஒன்றும் இல்லை.

பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் பார்ட்டிக்குப் படித்துக் காட்டும் பழக்கம் எல்லா ஆபீஸிலும் உண்டு. எங்கள் ஓனர் படிப்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். 'மேற்படி' என்று ஆரம்பித்தால் 'சம்மதித்து' என்ற இடத்தில்தான் மூச்சு விடுவார். நடுவில் நடக்கிற எதுவும் யாருக்கும் புரியாது. புரியவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம். அந்த அம்மாவும் தலையை ஆட்டினார், மகனும் ஆட்டினான், நானும் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா கைநாட்டு வைத்தார். பன்னிரண்டு மணிக்கு முன்னால் பதிவும் ஆகிவிட்டது.

ஆனி மாதம் அவர் திரும்ப வந்தார். கூடையைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு வந்தார், ஓனருக்கு ஆபீஸில் மீன் வாசனை வந்தால் ஆகாது. வீட்டில் சாப்பிடும்போது மட்டும் ஆகும். அது கிடக்கட்டும்.

"சாரு, என் புள்ள வூட்ட விக்கப்போறேன்றான். நான் எங்கடா போவேன்னு கேட்டா, பத்திரத்துல உனுக்கு ஒண்ணும் இல்லேன்றான். நான் சொன்னேனே. எய்தச் சொன்னேனே."

ஓனர் பழைய பைலை எடுக்கச் சொன்னார். பார்த்தார். முகம் ஒரு நொடி மாறியது, அதை நான் பார்த்தேன். பிறகு பைலை மூடிவிட்டு, "நீ அப்படி எதுவும் சொல்லலையேம்மா. படிச்சுக் காட்டினேனே, சரின்னுதானே தலையாட்டின? மறந்திருப்ப" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு எய்திக்கிச்சே. வட்டம் போட்டுச்சே."

நான் வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் நான் இன்றைக்கும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலை போய்விடுமே என்ற பயத்தில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். படியிறங்கும்போது யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் போனதும் நோட்டைத் தேடி எடுத்தேன். வட்டம் அப்படியே இருந்தது. ஓனரிடம் காட்டினேன்.

"டைப்பிங் மிஸ்டேக்" என்றார். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடு."

"கிழிக்க மாட்டேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் என் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு கோபம். அந்த அம்மா மேல் இல்லை, ஓனர் மேல்கூட முழுசாக இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மேல்தான்.

அடுத்து ஆடி வந்தது. ஆடியில் தாம்பரத்தில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், எழுதிக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆபீஸ் ஈ ஓட்டும். ஓனர் காலையில் வந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு பேப்பரைப் பிரித்தால் மதியம்வரை தலை நிமிராது. அந்த ஒரு மாதம்தான் என் கைக்குக் கிடைத்தது.

நேற்றைய பத்திரத்தைத் திறப்பதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். பத்திரம் என்பது என்ன? ஷரத்துகள். ஒவ்வொரு ஷரத்தையும் தனித்தனிக் கட்டமாக வேர்டுக்குள்ளேயே வைத்துவிட்டால், தேவையானதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த வசதி வேர்டில் இருக்கிறது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பெயர் வைத்துச் சேமித்தால், பிறகு எந்த டாகுமெண்டிலும் அந்தப் பத்தி எழுத்துரு, இடைவெளியோடு அப்படியே வந்து உட்காரும். பில்டிங் பிளாக் என்று அதற்குப் பெயர். நான் பிளாக் என்று சொல்வேன்.

முதலில் கையாலேயே நாற்பது பிளாக் செய்தேன். மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் போட்டார். நாற்பதும் போயே போச்சு. சரி, அப்படியா என்று நானும் வரிந்துகட்டினேன். கையால் செய்தால்தானே போகும்? மேக்ரோ எழுதிவிட்டால் எத்தனை தடவை போனாலும் ஒரு பட்டனில் திரும்ப வரவைக்கலாமே. மேக்ரோ என்றால் நாம் செய்யும் வேலையை வேர்டுக்குக் கட்டளையாக எழுதிவைப்பது. கல்லூரியில் கற்றது பாதி மறந்திருந்தது. ஒரு பிளாக் செய்வதை ரெக்கார்ட் போட்டு, வேர்ட் தானாக எழுதிக்கொண்ட கட்டளையைத் திறந்து பார்த்து, அதிலிருந்து கற்றேன். புரியாததை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து பிரௌசிங் சென்டரில் தேடினேன்.

ஷரத்துகளைக் கட்டளைக்குள்ளேயே எழுதலாம் என்று பார்த்தால் முடியவில்லை. எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துரு அந்த ஜன்னலில் போனதும் கோணல்மாணலாக, யாரோ வாயில் வந்ததை உளறினது போலத் தெரிந்தது. அதனால் ஒரு தனி டாகுமெண்டில் வரிசைக்கு இரண்டு கட்டமாக ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் பிளாக்கின் பெயர், வலது பக்கம் ஷரத்து. மேக்ரோவின் வேலை, பழைய பிளாக்குகளை எல்லாம் அழித்துவிட்டு, அட்டவணையில் ஒவ்வொரு வரிசையாக இறங்கி, வலது கட்டத்தில் இருப்பதை எடுத்து இடது கட்டத்துப் பெயரில் புதிதாகச் சேமிப்பது. அட்டவணையில் இருப்பதுதான் பிளாக். அட்டவணையில் இல்லாதது எங்கேயும் இல்லை.

முதல் தடவை ஓடியபோது எல்லா ஷரத்தும் ஆளுக்கொரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து நின்றது. கட்டத்தின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத முடிவுக் குறி ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. ஒரு எழுத்து பின்னால் தள்ளி நிறுத்து என்று ஒரே ஒரு வரி சேர்க்க எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் மதியச் சாப்பாட்டை டப்பா திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஐந்தாம் நாள் தயிர்சாதத்தை டப்பாவோடு வழித்தேன்.

ஷரத்துகளை ஓனர்தான் சொன்னார். "சும்மாதானே இருக்கோம், சொல்லுங்க சார், சேர்த்து வெச்சுக்கறேன்" என்றேன். அவர் மனப்பாடத்தை யாராவது கேட்டால் போதும், குளிர்ந்துபோய்விடுவார். விக்கிரயம், அடமானம், பவர், பாகப்பிரிவினை என்று நூற்றிருபது ஷரத்து வந்தது. பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு என்று அவருக்கு மிகவும் பிடித்த ஒன்றும் அதில் உண்டு. 'மேற்படி ஆவணத்தில் தட்டச்சுப் பிழையின் காரணமாக' என்று ஆரம்பிக்கும். அதைச் சொல்லும்போது ராகம் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அட்டவணையில் ஏற்றினேன்.

பிறகு அவர் சொல்லாத ஒன்றை நானே சேர்த்தேன். பத்திரம் தயாராகும் முன்னால் ஒரு சின்ன ஜன்னல் திறந்து கேள்வி கேட்கும். 'இந்தச் சொத்தில் இப்போது குடியிருப்பவர் யார்? அவருக்கு ஆயுட்கால உரிமை உண்டா, இல்லையா?' பதில் போடாமல் பிரிண்ட் ஆகாது. வெறுமனே ஒரு ஸ்பேஸ் தட்டி ஏமாற்றவும் முடியாது, அதையும் அடைத்திருந்தேன்.

ஆவணி முதல் வாரம் ஓனர் அதைப் பார்த்தார். "என்னம்மா இது, எனக்கே கேள்வி கேக்குதா?"

"உங்களை இல்ல சார். என்னைக் கேக்குது."

"இதை எடு."

"எடுக்கலாம் சார். எடுத்தா மத்ததும் சேர்ந்து நின்னுடும்."

அது சுத்தப் பொய். அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் ஆகிற பத்திரம் பத்து நிமிஷத்தில் வருவதையும் அவர் பார்த்துவிட்டார். பக்கத்து ஆபீஸ்காரர்களிடம் 'நம்மகிட்ட சாஃப்ட்வேர் இருக்கு' என்று பீற்றிக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தார். கேள்வி தப்பித்தது.

அந்த மாதமே ஒரு முகூர்த்த நாளில் மகன் வந்தான். கூட வீட்டை வாங்குகிறவரும் வந்தார், கடலைப் பார்த்து வீடு கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பேங்க் ஆபீஸர். விற்பனை ஒப்பந்தம் போட வேண்டும். மகனைப் பார்த்ததும் கைப்பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். ஓனர் ஒன்றுமே நடக்காதது போல, "அடிம்மா" என்றார்.

பெயர், முகவரி, சர்வே எண் எல்லாம் போட்டேன். ஜன்னல் திறந்தது. மனசுக்குள் படித்துவிட்டு நானே ஏதாவது அடித்திருக்கலாம். சத்தமாகப் படித்தேன்.

"இந்தச் சொத்தில் இப்போ குடியிருக்கறது யாரு?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மா" என்றான்.

வாங்குகிறவர் திரும்பினார். "அம்மா இருக்காங்களா? காலி வீடுன்னு சொன்னீங்களே."

"அவங்களுக்குப் பத்திரத்துல உரிமை எதுவும் இல்லை சார், நீங்க கவலைப்படாதீங்க" என்று ஓனர் முந்திக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆனி மாதம் பொத்திக்கொண்ட வாய் அது. கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தேன், அந்த ஆடி முழுக்க அது என் பையில்தான் கிடந்தது. வட்டம் போட்ட பக்கத்தைப் பிரித்து மகன் முன்னால் வைத்தேன்.

"உங்கம்மா சொன்னாங்க. சாகற வரைக்கும் அந்த வீட்லதான் இருப்பேன்னு இங்க நின்னு சொன்னாங்க. நான் எழுதிக்கிட்டேன். பத்திரத்துல ஏத்தாம விட்டது நாங்க."

"உன்னை யாரும் கேக்கல" என்றார் ஓனர். குரல் கீழே ஜெராக்ஸ் கடைவரை கேட்டிருக்கும்.

"யாரும் கேக்கலதான் சார். அதனாலதான் இவ்வளவு தூரம் வந்துச்சு."

மகன் நோட்டை இரண்டு கையாலும் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் வில்லன் இல்லை. மீன் பிடிக்கப் புது பைபர் படகில் பங்கு வாங்க நினைத்தவன், அவ்வளவுதான். "ஆனில நான் வந்து கேட்டப்போ, 'உங்கம்மா அப்படி சொல்லவே இல்ல'ன்னாரே இந்த சாரு" என்றான். "எங்கம்மா இப்போ வந்து பொய் சொல்லுதுன்னு நெனச்சிகினு, ரெண்டு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசல நானு."

வாங்குகிறவர் எழுந்துவிட்டார். "முதல்ல அம்மா விஷயத்தை சரி பண்ணுங்க. அவங்க இருக்கற வீட்டை நான் வாங்கறதா இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மகனும் பின்னாலேயே போனான். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போனான்.

ஓனர் என்னை அப்படியே அனுப்பியிருப்பார். "நாளையிலிருந்து வராதே" என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்ததைப் பார்த்தேன். ஆனால் மதியம் மூன்று பத்திரம் இருந்தது, மறுநாள் ஐந்து. அவர் திரையைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், பிறகு காபி வாங்கிவரப் போய்விட்டார். எனக்கும் ஒரு காபி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அம்மாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். விட்டுப்போன ஷரத்தைச் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டுப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். மகன் சம்மதித்துவிட்டான். அந்த அம்மா இந்தத் தடவை கூடையைப் படிக்கட்டில் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஓனர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஓனர் மூக்கைச் சுளித்துக்கொண்டே பழைய பைலை எடுத்தார்.

"அந்த பிளாக்கைப் போடும்மா" என்றார் என்னிடம். "தட்டச்சுப் பிழையின் காரணமாக."

"அது வேணாம் சார். இது தட்டச்சுப் பிழை இல்ல."

"வழக்கமா அப்படித்தான் எழுதறது. முப்பது வருஷமா எழுதறேன்."

"தெரியும் சார். முப்பது வருஷமா யாரோ ஒரு டைப்பிஸ்ட் தலையில கட்டிக்கிட்டு இருக்கீங்க."

நான் அட்டவணையைத் திறந்து, கடைசியில் ஒரு புது வரிசை போட்டு, இப்படி அடித்தேன். 'எழுதிக்கொடுப்பவர் தம் ஆயுட்காலம் முழுவதும் குடியிருக்கும் உரிமையைக் குறிப்பிடும்படி தெளிவாகச் சொல்லியிருந்தும், ஆவணம் தயாரித்தவர்கள் அதை எழுதாமல் விட்டுவிட்டபடியால்.' தயாரித்தவர்கள் என்று பன்மையில்தான் போட்டேன். நானும் அதில் உண்டு. மேக்ரோவை ஓட்டி அதைப் பிளாக்காக்கிப் பத்திரத்துக்குள் இறக்கினேன்.

பத்திரத்தின் கடைசியில் தயாரித்தவர் கையெழுத்து என்று ஒரு இடம் இருக்கும். லைசென்ஸ் எண்ணோடு ஓனர்தான் போட வேண்டும். பிரிண்டை வாங்கிப் படித்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் லைசென்ஸ்ல கை வைக்கற வேலை இது. நான் சொன்னதைப் போடு."

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா பேசினார். கோபமாகப் பேசவில்லை. மீனுக்கு விலை சொல்லும்போது வருமே, இறங்காத ஒரு குரல், அதில் பேசினார்.

"தோ பாரு சாரு. தப்பு உன்னுதா, இந்தப் பொண்ணுதா, மிசினுதா, அது எனுக்கு இன்னாத்துக்கு? நான் சொன்னேன்னு எய்து. நான் சொன்னது அதுல இருக்கணும். மறந்துட்டா, பொய் சொல்றான்னு நாளைக்கு எவனும் என்னைப் பேசக்கூடாது. என் புள்ளகூட பேசிட்டான்."

மகன் தரையைப் பார்த்தான்.

"நீ போட மாட்டேன்னா வுடு," என்றார் கூடையில் கை வைத்துக்கொண்டு. "எதிர்ல இன்னொரு ஆபீஸு கீது. அங்க போயி, இங்க இன்னா நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லி எய்திக்கிறேன்."

எதிர் ஆபீஸ்காரர்தான் ஓனரின் பரம எதிரி. பேனா மேஜையிலிருந்து எழுந்தது. கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது, ஆனால் விழுந்தது.

வழக்கப்படி படித்துக் காட்ட ஓனர் தொண்டையைக் கனைத்தார். "நீ வேணா சாரு" என்றார் அம்மா. "அந்தப் பொண்ணு படிக்கட்டும். மெதுவா."

மெதுவாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினேன். 'மேற்படி சொத்தில் எழுதிக்கொடுப்பவராகிய நான் என் ஆயுட்காலம் முழுவதும் யாதொரு இடையூறும் இன்றிக் குடியிருந்து வருவேன்' என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அது எங்க கீது? காட்டு."

காட்டினேன். ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தார். நகத்தடியில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வரியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலை இழுத்துப் பார்த்தார். ஒன்றரை வரி வந்தது. "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். "தப்பு எப்டி ஆச்சுன்னு எய்திகிற எடம்?" அதையும் காட்டினேன், அதையும் படித்தேன். தெளிவாகச் சொல்லியிருந்தும் என்ற இடத்தில் மகன் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அவன் தலையாட்டினான். அதற்கப்புறம்தான் கட்டைவிரலை மை டப்பாவில் வைத்தார்.

பதிவு முடித்துத் திரும்பி வந்து அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மா என் மேஜைக்கு வந்து, "அன்னிக்கி வாய தொறக்கல நீ" என்றார்.

"ஆமாம்மா."

"இன்னிக்கி தொறந்துட்ட" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி என்றெல்லாம் அவர் சொல்லவில்லை, நான் அதற்குத் தகுதியானவளும் இல்லை.

மறுநாள் காலை ஓனர் வருவதற்கு முன்னால் ஆபீஸைத் திறந்தேன். அட்டவணையைத் திறந்தேன். 'தட்டச்சுப் பிழையின் காரணமாக' என்று ஆரம்பிக்கும் அந்த வரிசையைத் தேடிப் பிடித்து, முழுசாக அழித்தேன். மேக்ரோவை ஓட்டினேன். பழைய பிளாக்குகள் எல்லாம் போய், புதியவை ஒவ்வொன்றாக ஏறின. அது மட்டும் ஏறவில்லை.

இனி அந்த ஆபீஸில் யாருக்காவது அந்த வார்த்தை வேண்டும் என்றால், ஒவ்வொரு எழுத்தாகத் தானே அடித்துக்கொள்ள வேண்டும். நான் அடிக்க மாட்டேன். ஓனருக்கு டைப் அடிக்கத் தெரியாது.